போதைக் குற்றச்சாட்டும் படைப் பணிநீக்கமும்: விடுவிப்புச் சான்றைத் திருத்தக் கோரும் வழிகள்

பென்னலூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்சாலைப் பட்டையில், வாயிற்காவல் என்பது தனியொரு வேலைச் சந்தை. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் எங்கும் ஆலை வாயிலில் நிற்கும் காவலர்களில் ஒரு பகுதியினர் முன்னாள் படைவீரர்கள். சுற்றியுள்ள ஊர்களின் சேரிகளிலிருந்தும் குடியிருப்புகளிலிருந்தும் படைக்குப் போய், பதினைந்து பதினேழு ஆண்டுகள் கழித்து, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர்களுக்கு அது இரண்டாவது வருமானம். கையில் டிஸ்சார்ஜ் புக் இருந்தால் ஏஜென்சிக்காரர் வேறொன்றும் கேட்பதில்லை.

அந்தப் புத்தகத்தில் 'டிஸ்மிஸ்டு' என்று எழுதப்பட்டிருந்தால் நிலைமை தலைகீழ். தனியார் பாதுகாப்பு முகமைகள் (ஒழுங்குமுறை) சட்டம் 2005, தன் 10ஆம் பிரிவில் இரண்டு செய்திகளை அடுத்தடுத்துச் சொல்கிறது. தரைப்படை, கடற்படை, வான்படைகளில் பணியாற்றியவர்களுக்குக் காவலர் வேலையில் முன்னுரிமை தரலாம் என்பது ஒன்று. ஒழுங்கீனத்தின் பேரில் படையிலிருந்து நீக்கப்பட்டவரைக் காவலராகவோ மேற்பார்வையாளராகவோ அமர்த்தவே கூடாது என்பது மற்றொன்று. ஆக, படையிலிருந்து தண்டனையாக வெளியேற்றப்பட்டவர் ஓய்வூதியத்தை மட்டும் இழக்கவில்லை. தன் வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டரில் உள்ள ஆலை வாயிலில் நிற்கும் வேலையையும் சட்டப்படி இழக்கிறார்.

இத்தகைய வெளியேற்றங்களில் போதை தொடர்பானவை தனிக் கவனம் பெற வேண்டியவை. குடித்துவிட்டுப் பணிக்கு வந்தது, கஞ்சா வைத்திருந்தது, போதையில் மேலதிகாரியோடு தகராறு, போதையால் விடுப்பு முடிந்தும் திரும்பாமை எனக் குற்றச்சாட்டு பல வடிவங்களில் வரும். ஊரில் அந்தச் செய்தி பரவும்போது 'குடிச்சே கெட்டான்' என்ற ஒற்றை வாக்கியமாகச் சுருங்கிவிடும். தலித் குடும்பமாக இருந்தால் அந்த வாக்கியத்தோடு சாதியும் சேர்த்துப் பேசப்படும். குடும்பமும் வெட்கத்தால் வாய் மூடிக்கொள்ளும். மேல்முறையீட்டுக்கான காலம் அந்த மௌனத்திலேயே கரைந்து போகிறது. இந்தக் கட்டுரையில் நாம் பார்க்கப் போவது, அந்த ஒற்றை வாக்கியத்துக்குப் பின்னால் சட்டம் என்னென்ன வேறுபாடுகளை வைத்திருக்கிறது, அவற்றை எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதை.

நீக்கம் வேறு, விடுவிப்பு வேறு

அமெரிக்கப் படையில் வெளியேற்றத்துக்குத் தரவரிசை உண்டு. 'கௌரவமான விடுவிப்பு' தொடங்கி 'கௌரவமற்ற விடுவிப்பு' வரை ஐந்து படிகள். கீழ்ப்படியில் விழுந்தவர் மேல்படிக்கு மாற்றும்படி விண்ணப்பிக்கலாம். அதற்கென்றே நிரந்தர வாரியங்கள் உள்ளன. இந்தியாவில் அப்படியொரு வாரியம் இல்லை. ஆனால் படிகள் இல்லாமலில்லை.

தரைப்படைச் சட்டம் 1950இன்படி ஒரு படைவீரரின் பணி தண்டனைத் தன்மையோடு முடிவுக்கு வரும் வழிகள் முக்கியமாக மூன்று. ராணுவ நீதிமன்றம் விசாரித்து, 71ஆம் பிரிவின்கீழ் தண்டனையாகவே டிஸ்மிஸ் செய்வது முதலாவது. விசாரணை இன்றி, 20ஆம் பிரிவின்கீழ் நிர்வாக ஆணையால் நீக்குவது இரண்டாவது. அலுவலர் நிலையிலோ ஜேசிஓ நிலையிலோ இல்லாத ஒருவரை ஒரு பிரிகேட் தளபதியே இவ்வாறு நீக்கிவிட முடியும். மூன்றாவது, 22ஆம் பிரிவும் தரைப்படை விதி 13உம் சேர்ந்து தரும் 'விடுவிப்பு'. 'விரும்பத்தகாத வீரர்' என்று முத்திரை குத்தி வீட்டுக்கு அனுப்புவது பெரும்பாலும் இந்த வழியில்தான். தண்டனைப் பதிவேட்டில் நான்கு சிவப்பு மைப் பதிவுகள் சேர்ந்துவிட்டால் இந்த நடவடிக்கை தொடங்கும் என்பது படைமுகாமில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

வெளியே இருப்பவருக்கு மூன்றும் ஒன்றாகத் தோன்றும். ஓய்வூதிய விதிகளுக்கு அப்படியல்ல. 1961ஆம் ஆண்டு தரைப்படை ஓய்வூதிய விதிமுறைகளின் 113ஆம் விதியின்படி, டிஸ்மிஸ் செய்யப்பட்டவருக்கு அதுவரை செய்த பணி முழுவதற்கும் ஓய்வூதியமோ பணிக்கொடையோ கிடையாது. விதிவிலக்கான நேர்வுகளில் மட்டும் குடியரசுத் தலைவரின் விருப்புரிமைப்படி வழங்கலாம். ஆனால் விடுவிக்கப்பட்டவருக்கு, காரணம் ஒழுங்கீனமாகவே இருந்தாலும், ஓய்வூதியத் தகுதி தொடர்கிறது. பின்னர் வந்த 2008ஆம் ஆண்டு விதிமுறைகளும் இந்த வேறுபாட்டைக் கைவிடவில்லை. அலுவலர் அல்லாத வீரருக்கு ஓய்வூதியத்துக்குத் தேவையான பணிக்காலம் 15 ஆண்டுகள்.

எடுத்துக்காட்டாக, 17 ஆண்டுகள் பணிபுரிந்த ஒரு நாயக்கைக் கருதுவோம். போதையில் இருந்ததாக ராணுவ நீதிமன்றம் அவரை டிஸ்மிஸ் செய்தால் அவர் வெறுங்கையோடு ஊர் வருவார். அதே குற்றத்துக்கு விதி 13இன்கீழ் விடுவித்திருந்தால் மாதந்தோறும் ஓய்வூதியம் வந்திருக்கும். ஆகவே தரவரிசையை உயர்த்தக் கோருவது என்பதற்கு இந்தியச் சூழலில் உரிய பொருள், டிஸ்மிஸ் ஆணையை விடுவிப்பாக மாற்றும்படி கோருவதே. குற்றமே செய்யவில்லை என்று நிரூபிக்க இயலாதவர்களுக்கும் இந்தக் கதவு திறந்திருக்கிறது. தண்டனை அளவு மிகையானது என்று மட்டுமே வாதிட்டும் இதைக் கேட்கலாம். நம் தோழர்கள் பலர் 'தப்பு செஞ்சது உண்மைதானே, எதைக் கேட்பது' என்று பின்வாங்குவதால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

15 ஆண்டை எட்டாதவர்களுக்கு வேறொரு சிக்கல். மத்திய அரசின் வேலைவாய்ப்பு விதிகளில் 'முன்னாள் படைவீரர்' என்பதற்கு வரையறை உண்டு. ஓய்வூதியம் பெற்றவர்கள் பொதுவாக அதற்குள் வருவர். ஓய்வூதியம் இன்றி, ஒப்பந்தக் காலம் முடிந்து பணிக்கொடையோடு வந்தவர்களும் வருவர். ஆனால் டிஸ்மிஸ் செய்யப்பட்டவர்களும் ஒழுங்கீனத்துக்காகவோ திறமைக் குறைவுக்காகவோ விடுவிக்கப்பட்டவர்களும் அதிலிருந்து விலக்கப்பட்டுள்ளனர். மத்திய அரசின் குரூப் சி பணிகளில் முன்னாள் படைவீரருக்கான 10 விழுக்காட்டு ஒதுக்கீட்டுக்கு அவர்கள் போட்டியிட முடியாது. குறைந்த பணிக்காலம் உள்ளவர்கள் 'விடுவிப்பாக' மாற்றினால் போதும் என்று நிறுத்திக்கொள்ளாமல், விடுவிப்புக்குச் சொல்லப்பட்ட காரணத்தையே எதிர்க்க வேண்டியது இதனால்தான்.

எங்கே ஓட்டை இருக்கும்

தரைப்படைச் சட்டத்தின் 48ஆம் பிரிவு போதையில் காணப்படுவதையே குற்றமாக்குகிறது. அலுவலர் அல்லாதவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை. போர்ப்பணியிலோ கடமையிலோ இல்லாத நேரமாக இருந்தால் ஆறு மாதத்துக்கு மேல் கூடாது. பொதுவான ஒழுங்குமீறலுக்கு 63ஆம் பிரிவு உள்ளது. கஞ்சா, ஹெராயின் போன்றவை என்றால் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டக் குற்றத்தை 69ஆம் பிரிவின் வழியே ராணுவ நீதிமன்றமே விசாரிக்கலாம். (கேன்டீனில் மாதக் கணக்குப்படி ரம் வழங்கும் ஓர் அமைப்பு, குடித்தவனைப் பிடித்து ஒழுங்கு பேசுவதில் ஒரு முரண் இருக்கிறது. ஆனால் தீர்ப்பாயத்தில் இந்த முரணை வாதமாக வைத்துப் பயனில்லை.)

கடைநிலை வீரர்களைப் பெரிதும் தாக்குவது, சுருக்க விசாரணை ராணுவ நீதிமன்றம். அங்கே நீதிபதி வீரரின் சொந்தக் கமாண்டிங் அதிகாரியே. லெப்டினன்ட் கர்னலோ அதற்கு மேலோ ஆனவர் ஓராண்டு வரை சிறையும் அதோடு டிஸ்மிஸும் விதிக்கலாம். தீர்ப்புக்கு மேலிடத்தின் உறுதிப்பாடு தேவையில்லை. குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் கிடையாது. 'குற்றம் சாட்டப்பட்டவரின் நண்பர்' என்ற பெயரில் ஒருவர் அருகில் இருந்து ஆலோசனை சொல்லலாம், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. காலையில் தொடங்கி மதியத்துக்குள் பதினாறு ஆண்டுப் பணி முடிந்துவிடக்கூடிய இடம் அது. இந்த வேகத்தில் விதிகள் மீறப்படுவது இயல்பு. நாம் தேட வேண்டியது அந்த மீறல்களையே.

முதலில் பார்க்க வேண்டியது குற்றத்தை ஒப்புக்கொண்டதாக உள்ள பதிவு. போதை வழக்குகளில் 'குற்றத்தை ஒப்புக்கொண்டார்' என்ற ஒரு வரியிலேயே விசாரணை முடிந்திருக்கும். தரைப்படை விதி 115இன்படி, ஒப்புதலைப் பதிவு செய்யுமுன் குற்றச்சாட்டின் தன்மையையும் ஒப்புக்கொள்வதன் விளைவையும் அவருக்குப் புரியும்படி விளக்கியிருக்க வேண்டும். அந்த விளக்கம் எந்த மொழியில் தரப்பட்டது? இந்தியும் ஆங்கிலமும் அரைகுறையாக அறிந்த ஒரு தமிழ் வீரருக்கு மொழிபெயர்ப்பாளர் இருந்தாரா? ஒப்புதலின் கீழ் அவருடைய கையொப்பம் இருக்கிறதா? 2023இல் எல்லைப் பாதுகாப்புப் படை தொடர்பான ஒரு வழக்கில், வீரரின் கையொப்பமற்ற ஒப்புதல் பதிவை நம்பி அளிக்கப்பட்ட தண்டனை நிலைக்காது என்ற முடிவை உச்ச நீதிமன்றம் ஏற்றது.

அடுத்தது மருத்துவச் சான்று. போதையில் இருந்தார் என்று சொன்னது யார்? மருத்துவ அலுவலர் பரிசோதித்தாரா, ஹவில்தார் வாசனை பிடித்ததோடு சரியா? பொருள் கைப்பற்றப்பட்டது என்றால் அது யாரிடமிருந்து யாருக்குக் கை மாறி ஆய்வகத்துக்குப் போனது? பலர் சேர்ந்து படுக்கும் பாரக்கில் ஒருவருடைய கட்டிலுக்கடியில் பொட்டலம் கிடைத்தது என்பது மட்டும் அது அவருடையது என்று காட்டிவிடாது. விதி 22இன்கீழ் குற்றச்சாட்டைக் கமாண்டிங் அதிகாரி அவர் முன்னிலையில் கேட்டு, சாட்சிகளைக் கேள்வி கேட்க அவரை அனுமதித்தாரா என்பதையும் பார்க்க வேண்டும். நன்மதிப்பைப் பாதிக்கும் விசாரணைக் குழு நடந்திருந்தால், விதி 180இன்படி அதில் தொடக்கம் முதல் உடனிருக்கும் உரிமை அவருக்கு உண்டு.

மூன்றாவது, தலித் வீரர்களுக்கு மிக முக்கியமானது: முன்பகை. இதில் நமக்குக் கிடைத்த பெரிய ஆயுதம் 1987ஆம் ஆண்டின் ரஞ்சித் தாக்கூர் வழக்கு. சிக்னல் படைப்பிரிவைச் சேர்ந்த அவர், தன்னை மோசமாக நடத்துவதாக மேலதிகாரிகளுக்கு நேரடியாக முறையீடு அனுப்பினார். முறைப்படி அனுப்பவில்லை என்று 28 நாள் கடுங்காவல். அந்தத் தண்டனையில் இருந்தபோது, 1985இல், உணவு உண்ணும்படி இட்ட ஆணையை மறுத்தார் என்று புதுக் குற்றச்சாட்டு. அதற்கு ஓராண்டுச் சிறையும் டிஸ்மிஸும் விதிக்கப்பட்டன. அவர் முறையீட்டில் குறிப்பிட்ட அதிகாரியே விசாரித்த நீதிமன்றத்திலும் அமர்ந்திருந்தார். உச்ச நீதிமன்றம் இரண்டு காரணங்களால் அதை ரத்து செய்தது. தன்மீதே புகார் கொடுத்தவரை விசாரிக்க ஒருவர் அமர்வது ஒருதலைச்சார்பு என்பது ஒன்று. குற்றத்துக்கும் தண்டனைக்கும் இடையே மனசாட்சியை அதிரவைக்கும் ஏற்றத்தாழ்வு இருந்தால் நீதிமன்றம் தலையிடும் என்பது மற்றொன்று.

வழக்கில் போதை இல்லை, சாதியும் இல்லை. ஆனால் அதன் அமைப்பை நம் மக்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். சாதிப் பெயர் சொல்லி ஏசியதாக ஒருவர் புகார் கொடுக்கிறார். அடுத்த சில மாதங்களில் அவர் மீது சிவப்பு மைப் பதிவுகள் வரிசையாக விழுகின்றன. கடைசியில் குடித்திருந்தார் என்று வெளியேற்றப்படுகிறார். இத்தகைய நேர்வில் முதல் வேலை, புகார் கொடுத்த தேதியையும் ஒவ்வொரு பதிவின் தேதியையும் ஒரே தாளில் வரிசையாக எழுதுவது. பத்தாண்டுகள் ஒரு பதிவும் இல்லாதவருக்குப் புகாருக்குப் பிந்தைய எட்டு மாதங்களில் நான்கு பதிவுகள் என்றால், அந்தத் தாளே வாதாடும்.

நான்கு பதிவுகள் போதுமா?

விதி 13இன்கீழ் விடுவிக்கப்பட்டவர்கள் அறிந்திருக்க வேண்டிய தீர்ப்பு, வீரேந்திர குமார் துபே வழக்கில் 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழங்கியது. நான்கு சிவப்பு மைப் பதிவுகளைக் காட்டி, விளக்கம் கேட்கும் அறிவிப்பு ஒன்றை அனுப்பி, அவரை விடுவித்திருந்தார்கள். அறிவிப்பு அனுப்பியாயிற்று, பதில் வாங்கியாயிற்று, சட்டம் நிறைவேறிற்று என்பது அரசின் வாதம்.

நீதிமன்றம் ஏற்கவில்லை. 1988 டிசம்பர் 28 அன்று தரைப்படைத் தலைமையகம் வெளியிட்ட சுற்றறிக்கை, இத்தகைய விடுவிப்புக்கு முன் ஒரு முதனிலை விசாரணை நடத்த வேண்டும் என்கிறது. பதிவுகளின் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், குற்றங்களின் தன்மை, அவர் பணிபுரிந்த கடினமான இடங்கள், பணிக்காலத்தின் நீளம், ஓய்வூதியத்தை எவ்வளவு நெருங்கியிருக்கிறார் என்பவற்றையும் எடைபோட வேண்டும் என்கிறது. நான்கு என்ற எண்ணுக்குச் சட்டவழி ஆதாரம் இல்லை. அது நிர்வாக அறிவுறுத்தலில் பிறந்தது. ஆகவே அதே அறிவுறுத்தல் விதிக்கும் பாதுகாப்புகளையும் பின்பற்றியே ஆக வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. ஓய்வூதியத்துக்குத் தேவையான காலம் முடியும்வரை அவர் பணியில் இருந்ததாகவே கருதப்படுவார், ஆனால் அந்தக் காலத்துக்கு ஊதியம் இல்லை என்பது ஆணை. வேலை திரும்பவில்லை, ஓய்வூதியம் திரும்பியது. ஊரில் இருப்பவருக்குத் தேவைப்படுவதும் பெரும்பாலும் அதுதான்.

உயரமான மலைமுனையில் இரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டு வந்த பிறகு குடி தொடங்கியது என்றால் அதைச் சொல்ல வேண்டிய இடமும் இதுவே. ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மாற்றுத்திறன் ஓய்வூதியம் கோருபவர்கள், குடியையோ போதைப் பழக்கத்தையோ நோயாகக் காட்டி அதற்கே இழப்பீடு கேட்டால் தோல்வி நிச்சயம். மது, போதைப்பொருள் ஆகியவற்றின் மிகைப் பயன்பாட்டால் வரும் பாதிப்பு அவரவர் கட்டுப்பாட்டில் உள்ளது என்று விதிகள் அதை விலக்குகின்றன. போதைக்கு முன்பே மனச்சோர்வோ அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயோ தொடங்கியிருந்து, அதற்கு மருத்துவக் குறிப்பு இருந்தால் நிலைமை வேறு. சேரும்போது குறிப்பிடப்படாத நோய் பணியால் வந்ததாகவே கருதப்பட வேண்டும் என்ற ஊகத்தை 2013ஆம் ஆண்டின் தரம்வீர் சிங் தீர்ப்பு உறுதி செய்திருக்கிறது. கோரிக்கையை அந்த நோயின் மீது கட்ட வேண்டும், புட்டியின் மீது அல்ல.

கறுப்பின வீரர்களின் அனுபவம்

வியட்நாம் போரின்போது அமெரிக்கப் படைகளில் ஹெராயின் பரவியது. ஆயிரக்கணக்கானோர் போதைக் காரணத்தால் கௌரவமற்ற முறையில் வெளியேற்றப்பட்டனர். ஊர் திரும்பியவர்களுக்கு மருத்துவ உதவியும் இல்லை, வேலையும் இல்லை. 1971 ஆகஸ்டில் அன்றைய பாதுகாப்புச் செயலர் மெல்வின் லேர்ட், சொந்தப் பயன்பாட்டுக்காக மட்டும் போதைப்பொருள் வைத்திருந்ததற்கு அளிக்கப்பட்ட அத்தகைய நிர்வாக வெளியேற்றங்களை மறுபரிசீலனை செய்யும்படி ஆணையிட்டார். போரை நடத்திய அரசே, போதைக்குத் தன் வீரர் மட்டும் பொறுப்பல்லர் என்பதை ஓரளவு ஏற்றுக்கொண்ட தருணம் அது.

இன்று அங்கே வெளியேறிய 15 ஆண்டுகளுக்குள் மறுபரிசீலனை வாரியத்துக்கும், அதன்பின் பதிவுத் திருத்த வாரியத்துக்கும் விண்ணப்பிக்கலாம். 2014, 2017, 2018ஆம் ஆண்டுகளில் வந்த வழிகாட்டுதல்கள், மன அதிர்ச்சி நோயோ பாலியல் வன்முறையோ பின்னணியில் இருந்தால் விண்ணப்பத்தைத் தாராளமாக அணுக வேண்டும் என்கின்றன. அந்த நோய் இருந்ததா, பணிக்காலத்தில் இருந்ததா, அது நடத்தையை விளக்குகிறதா, வெளியேற்றக் காரணத்தைவிட எடை மிக்கதா என்ற நான்கு கேள்விகளை வாரியம் கேட்க வேண்டும். இந்தக் கேள்விகளை நம் முறையீட்டிலும் அப்படியே பயன்படுத்தலாம். அந்நிய நாட்டு விதி என்று தள்ளப்பட்டாலும் தர்க்கம் நிற்கும்.

நமக்கு இன்னும் முக்கியமானது வேறொன்று. 2019இல் அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பே, கறுப்பின வீரர்கள் விசாரணைக்கும் ராணுவ நீதிமன்றத்துக்கும் உட்படுத்தப்படும் வாய்ப்பு வெள்ளையரைவிட அதிகம் என்று புள்ளிவிவரத்தோடு அறிக்கை வெளியிட்டது. அங்கே இனவாரிக் கணக்கு எடுக்கப்படுவதால் அது சாத்தியமாயிற்று. இந்தியப் படைகளில் தண்டனை வெளியேற்றங்களுக்குச் சாதிவாரிக் கணக்கு வெளியிடப்படுவதில்லை. படைக்குள் சாதியே இல்லை என்பது அதற்கான பதில். சாதிப் பெயரையே படைப்பிரிவின் பெயராகத் தாங்கி நிற்கும் ஓர் அமைப்பு இதைச் சொல்வது வியப்புக்குரியது.

படைப்பணி தலித் மக்களுக்கு வெறும் சம்பளமாக இருந்ததில்லை. அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் படையில் சுபேதாராக இருந்தவர். அந்தக் குடும்பத்துக்குக் கல்வி வந்தது படைமுகாம் வழியாக. 'போர்க்குடி' என்ற கோட்பாட்டைக் காட்டி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மகர்களைப் படையில் சேர்ப்பதை ஆங்கில அரசு நிறுத்தியபோது, கோபால் பாபா வலங்கர் அதை எதிர்த்து மனு எழுதினார். சென்னைப் படையின் சாப்பர் பிரிவிலும் பறையர் வீரர்கள் இருந்த வரலாறு நமக்கு உண்டு. 1943இல் எழுப்பப்பட்ட சமார் படைப்பிரிவு 1946இல் கலைக்கப்பட்டது. அதை மீண்டும் அமைக்கும் கோரிக்கை இன்றும் ஓயவில்லை. உள்ளே போக இவ்வளவு போராடியவர்களின் பேரப்பிள்ளைகள், வெளியே தள்ளப்படும் முறை நியாயமானதுதானா என்று கேட்பதில் தவறில்லை.

எங்கே, எப்போது, எதைக் கொண்டு

டிஸ்மிஸ் ராணுவ நீதிமன்றத்தால் என்றால் முதலில் தரைப்படைச் சட்டம் 164ஆம் பிரிவின்கீழ் மனு. நிர்வாக ஆணை என்றால் மேலிடத்துக்கு முறையீடு. அதன்பின் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி 2009இல் செயல்படத் தொடங்கிய இத்தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு தமிழகத்துக்கு உரியது. பணி தொடர்பான மனுக்கள் 14ஆம் பிரிவிலும், ராணுவ நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிரான மேல்முறையீடு 15ஆம் பிரிவிலும் வரும். தண்டனையைக் குறைக்கவும் மாற்றவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. டிஸ்மிஸை விடுவிப்பாக மாற்றக் கோருவது இந்த அதிகாரத்தின் பேரில்தான்.

கால வரம்பை 22ஆம் பிரிவு சொல்கிறது. முறையீட்டின் மீது இறுதி ஆணை வந்த நாளிலிருந்து ஆறு மாதம். முறையீடு கொடுத்து ஆறு மாதமாகியும் பதில் வராவிட்டால், அதற்கடுத்த ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் மன்னிக்கப்படலாம். போதை மறுவாழ்வுச் சிகிச்சையில் இருந்த காலம், மனநலச் சிகிச்சைக் காலம், சிறையில் இருந்த காலம் ஆகியவற்றுக்கு ஆவணம் வைத்திருப்பது இங்கே பயன்படும். ஓய்வூதியம் மாதந்தோறும் தொடரும் உரிமை ஆகையால் காலதாமதம் தடையல்ல என்று 2008ஆம் ஆண்டின் தர்சேம் சிங் தீர்ப்பைச் சிலர் காட்டுவார்கள். அது உதவும்தான், நிலுவைத் தொகை மூன்று ஆண்டுக்கு மட்டுமே கிடைக்கும். ஆனால் டிஸ்மிஸ் ஆணை அப்படியே நிற்கும்போது ஓய்வூதியம் மட்டும் தனியே ஊறாது; ஆணையைத்தான் முதலில் தாக்க வேண்டும்.

தீர்ப்பாயத்தில் தோற்றவர்கள் உயர் நீதிமன்றத்தின் ரிட் அதிகாரத்தை நாடலாம் என்பதை 2023 மார்ச்சில் பர்ஷோத்தம் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. டெல்லி வரை செல்ல இயலாத குடும்பங்களுக்கு இது சிறிய செய்தியல்ல. மத்திய ரிசர்வ் போலீஸ் படை, எல்லைப் பாதுகாப்புப் படை, மத்திய தொழிற் பாதுகாப்புப் படை ஆகியவற்றில் இருந்தவர்கள் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போய் நேரத்தை வீணாக்க வேண்டாம். அவர்களுக்கு உரியது நேராக உயர் நீதிமன்றமே.

வழக்கறிஞர் கட்டணம் பற்றிய அச்சத்துக்கு ஒரு பதில் உண்டு. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987இன் 12ஆம் பிரிவின்படி, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு; வருமான வரம்பு இல்லை. சாதிச் சான்றிதழ் இருந்தால் போதும். ஸ்ரீபெரும்புதூர் வட்டச் சட்டப் பணிகள் குழுவிலோ காஞ்சிபுரம் மாவட்ட ஆணையத்திலோ மனு கொடுக்கலாம்; 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். பென்னலூரைச் சுற்றியுள்ள கல்லூரி மாணவர்கள் உதவக்கூடிய இடமும் இதுதான். மனுவை ஆங்கிலத்தில் எழுதித் தருவது, தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் தயாரிப்பது, தேதிகளை வரிசைப்படுத்துவது ஆகிய மூன்றுக்கும் சட்டப் படிப்பு தேவையில்லை.

கேட்டுப் பெற வேண்டிய தாள்கள்: பணிப்பதிவேடு, தண்டனைப் பதிவுத் தாள், குற்றப்பத்திரிகை, சாட்சியச் சுருக்கம், ராணுவ நீதிமன்ற நடவடிக்கைக் குறிப்பு, விளக்கம் கேட்கும் அறிவிப்பும் அதற்குத் தந்த பதிலும், மருத்துவக் கோப்பு. வீரர் தன்னைப் பற்றிய ஆவணங்களைத் தன் ரெக்கார்டு ஆபீசிடம் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். இவை கைக்கு வருமுன் மனு எழுதத் தொடங்குவது வீண். மனப்பாடமாகச் சொல்லும் கதைக்கும் தாளில் உள்ளதற்கும் இடையே உள்ள வேறுபாட்டில்தான் பெரும்பாலான வழக்குகள் தோற்கின்றன அல்லது வெல்கின்றன. போதையிலிருந்து மீண்டவர் என்றால் மறுவாழ்வு மையச் சான்று, அதன்பின் செய்த வேலைக்கான சான்று ஆகியவற்றையும் இணைக்க வேண்டும். தண்டனை அளவைக் குறைக்கக் கோரும்போது இவற்றுக்கு மதிப்பு உண்டு.

இந்தத் தாள்களில் முதலாவதாகக் கேட்க வேண்டியது எது என்று யாராவது வினவினால், தரைப்படைச் சட்டத்தின் 23ஆம் பிரிவைக் காட்டுவோம். டிஸ்மிஸ் செய்யப்பட்டவர் உட்பட, பணி முடிந்த ஒவ்வொரு வீரருக்கும் கமாண்டிங் அதிகாரி ஒரு சான்று தர வேண்டும்: பணியை முடித்தது எந்த அதிகாரம், காரணம் என்ன, மொத்தப் பணிக்காலம் எவ்வளவு என்று. அது ஆங்கிலத்திலும் அந்த வீரரின் தாய்மொழியிலும் இருக்க வேண்டும் என்று பிரிவு சொல்கிறது. தமிழில் எழுதிய அந்தத் தாள் உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதும் முதல் கடிதம் அதற்காகவே இருக்கட்டும்.